2 லட்சம் பேர் வாயடைத்த மைதானம்

பிரேசில் நாட்டில் ரியோ டி ஜெனிரோ என்று ஓர் அழகான நகரம். அங்கு போகிறவர்கள் முதலில் ஒரு மலைக்குப் போவார்கள். மலையின் பெயர் கோர்கோவாடோ. அதன் உச்சியில் ஏசுநாதர் இரு கைகளையும் விரித்து நிற்கும் பெரிய சிலை இருக்கிறது.

சிலையைப் பார்த்து முடித்ததும் எல்லோரும் கீழே பார்ப்பார்கள். ஒரு பக்கம் கடல். ஒரு பக்கம் ஏரி. மலைகளின் சந்து பொந்துகளில் எல்லாம் வீடுகள். வடக்குத் திசையில், அந்த வீடுகளின் நடுவே, வெள்ளை வெளேர் என்று ஒரு வட்டம் தெரியும். பெரிய தாம்பாளம் ஒன்றைக் கவிழ்த்து, அதன் நடுவில் ஓட்டை போட்டு வைத்தது போல இருக்கும்.

"அது என்ன? தண்ணீர்த் தொட்டியா?" என்று விவரம் தெரியாதவர் கேட்கக்கூடும்.

தண்ணீர்த் தொட்டி அல்ல. அதுதான் மரக்கானா. உலகப் புகழ் பெற்ற கால்பந்து மைதானம்.

கால்பந்தில் பைத்தியம் பிடித்தவர்கள்தான் அங்கே போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். எந்த அணி எந்த நிறச் சட்டை போடும் என்றுகூடத் தெரியாதவர்களும் போகிறார்கள். பந்தயம் இல்லாத நாட்களில் கட்டணம் கொடுத்தால் உள்ளே அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டுகிறார்கள். வீரர்கள் உடை மாற்றும் அறை, அவர்கள் மைதானத்துக்கு வரும் வழி, புல்தரையின் ஓரம் எல்லாவற்றையும் பார்க்கலாம்.

நகர ரெயிலில் ஏறினால் மைதானத்தின் பெயரிலேயே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. இறங்கி, அகலமான பாலத்தின் மீது நடந்தால், நேரே மைதானத்தின் வாசலுக்குப் போய்விடலாம்.

வாசலில் ஒரு சிலை. ஒருவர் ஒரு கையால் கோப்பையை உயரத் தூக்கிப் பிடித்து நிற்கிறார். 1958-ம் ஆண்டு பிரேசில் முதன்முதலாக உலகக் கோப்பையை வென்றபோது அந்த அணியின் தலைவராக இருந்தவர் பெல்லினி. அவருடைய சிலை என்றுதான் சொல்லுகிறார்கள். 1960-ல் வைத்தார்கள். ஆனால் சிலையின் முகம் பெல்லினியின் முகம் போலவே இல்லை என்று ஊரார் கேலி செய்வது உண்டு. கேலி செய்தாலும், பந்தயம் பார்க்க வரும் நண்பர்கள் சந்தித்துக்கொள்ளும் இடம் அந்தச் சிலையின் அடிதான்.

மரக்கானா என்பது ஒரு கிளியின் பெயர். பிரேசில் நாட்டின் ஆதிகுடி மக்கள் வைத்த பெயர். அந்தக் கிளியின் பெயர் பக்கத்தில் ஓடும் சிற்றாற்றுக்கு வந்தது. ஆற்றின் பெயர் மைதானத்துக்கு வந்தது.

பத்திரிகைக்காரரின் பிடிவாதம்

மைதானத்துக்குச் சர்க்கார் வைத்த பெயர் வேறு. "பத்திரிகையாளர் மாரியோ பில்யோ விளையாட்டரங்கம்" என்பது அந்தப் பெயர்.

இவர் யார்? பந்து உதைத்தவரா? இல்லை. பேனா பிடித்தவர்.

ரியோ நகரில் ஒரு விளையாட்டுப் பத்திரிகையை அவர் நடத்திவந்தார். ரோஜா நிறத் தாளில் அது அச்சாகும். தூரத்தில் ஒருவர் கையில் பார்த்தாலே இன்ன பத்திரிகை என்று தெரிந்துவிடும்.

1950-ம் ஆண்டின் உலகக் கோப்பைப் போட்டியை நடத்தும் பொறுப்பு பிரேசிலுக்குக் கிடைத்தது. இரண்டாவது உலகப் போருக்குப் பிறகு நடக்கும் முதல் போட்டி அது. அதற்குப் பெரிய மைதானம் வேண்டும். எங்கே கட்டுவது? எவ்வளவு பெரிதாகக் கட்டுவது?

அரசியல்வாதிகளுக்குள் பெரிய சண்டை மூண்டது. "இவ்வளவு பணத்தைக் கொட்ட வேண்டுமா? நகருக்கு வெளியே, எங்கேயாவது தள்ளிக் கட்டினால் போதாதா?" என்று ஒரு சாரார் கேட்டார்கள்.

மாரியோ பில்யோ விடவில்லை. நகரத்தின் நடுவில்தான் கட்ட வேண்டும், எல்லாப் பகுதி மக்களும் எளிதாக வந்து போக வேண்டும், உலகத்திலேயே பெரிதாக இருக்க வேண்டும் என்று நாள் தவறாமல் எழுதினார். கடைசியில் அவர் கட்சிதான் வென்றது. முன்பு குதிரைப் பந்தயம் நடந்த ஓர் இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

1948-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி வேலை தொடங்கியது. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் பாடுபட்டார்கள். 2 ஆண்டு முடிவதற்கு முன்பே, 1950-ம் ஆண்டு ஜுன் 16-ந் தேதி மைதானத்தைத் திறந்துவிட்டார்கள். திறந்துவிட்டார்களே தவிர, வேலை முடியவில்லை. உலகக் கோப்பைப் போட்டி நடந்தபோதுகூடச் சில இடங்களில் சாரம் கட்டியபடியே இருந்தது. சில்லறை வேலைகள் எல்லாம் முடிய 1965 ஆகிவிட்டது! கலியாணம் முடிந்து பிள்ளை பிறந்த பிறகும் பந்தல் பிரிக்காத கதைதான்.

முதல் பந்தயத்தில் ரியோ வீரர்களும் சாவோ பாலோ வீரர்களும் மோதினார்கள். முதல் கோல் போட்டவர் ரியோ வீரர் டிடி. ஆனால் வென்றது விருந்தாளிகள்தான்.

1966-ல் மாரியோ பில்யோ இறந்தார். அந்த ஆண்டே மைதானத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். 2021-ல் அந்தப் பெயரை எடுத்துவிட்டுப் பந்தாட்ட மன்னன் பீலேயின் பெயரை வைக்க மாநிலச் சட்டசபை தீர்மானம் போட்டது. எதிர்ப்புக் கிளம்பியது. கவர்னர் தீர்மானத்தை ஏற்கவில்லை. பத்திரிகைக்காரர் பெயரே நிலைத்தது.

தரை டிக்கெட்

அந்த மைதானத்தின் உண்மையான பெருமை அதன் உயரத்திலும் அகலத்திலும் இல்லை. அங்கே யார் யாருக்கு இடம் கிடைத்தது என்பதில்தான் இருந்தது.

பழைய மரக்கானாவில் மேலும் கீழுமாக இரண்டு அடுக்கு இருந்தது. மேல் அடுக்கில் நாற்காலி கிடையாது. சிமெண்டுப் படிக்கட்டுகள்தான். நெருங்கி உட்கார்ந்தால் எத்தனை பேர் வேண்டுமானாலும் உட்காரலாம். அதற்கு அடியில் நாற்காலி போட்ட இடம். அதற்கும் கீழே, தரை மட்டத்தில், மைதானத்தைச் சுற்றிலும் ஒரு வளையம். அங்கே உட்கார எதுவும் கிடையாது. நின்றுகொண்டுதான் பார்க்க வேண்டும். அந்த இடத்தை "ஜெரால்" என்று சொன்னார்கள். பொது இடம் என்று அர்த்தம்.

டூரிங் டாக்கீசில் தரை டிக்கெட் எப்படியோ, அப்படித்தான் ஜெரால். மிக மிக மலிவு. கூலி வேலை செய்பவன், பெட்டிக் கடைக்காரன், வீட்டு வேலைக்காரன் எல்லோரும் சில்லறைக் காசைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடலாம். முப்பதாயிரம் பேர் வரை அங்கே நிற்பார்களாம்.

ஆட்டம் நன்றாகத் தெரியுமா? தெரியாது! அந்த இடம் தாழ்வானது. விளையாட்டு வீரர்களின் கால்தான் கண்ணுக்கு நேரே தெரியும். பந்து மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டால் என்ன நடக்கிறது என்றே புரியாது. அதனால் பலர் சின்ன வானொலிப் பெட்டியைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணெதிரே நடக்கும் ஆட்டத்தைக் காதால் கேட்பார்கள். மேலே கூரை கிடையாது. மழை பெய்தால் நனைய வேண்டியதுதான்.

ஆனாலும் அங்கே நின்றவர்கள்தான் மைதானத்திலேயே அதிக சந்தோஷமாக இருந்தார்கள். பேய் வேஷம், சாமியார் வேஷம் என்று விதவிதமான வேஷம் போட்டு வருவார்கள். கோல் விழுந்தால் வளையத்தைச் சுற்றி ஓடுவார்கள். வீரர்களை வாயாரத் திட்டுவார்கள். பார்வையாளர்கள் உள்ளே குதித்துவிடாமல் இருக்க நடுவே அகழி வெட்டியிருந்தார்கள். கோட்டைக்கு அகழி உண்டு. பந்தாட்ட மைதானத்துக்கும் அகழி வேண்டியிருந்தது!

1963-ம் ஆண்டு டிசம்பர் 15-ந் தேதி பிளமெங்கோ, புளூமினென்சி என்ற இரண்டு உள்ளூர் அணிகள் மோதின. டிக்கெட் வாங்கியவர்கள் மட்டும் 1 லட்சத்து 77 ஆயிரத்து 20 பேர். இரண்டு நாடுகள் மோதியதல்ல. ஒரே ஊரின் இரண்டு கிளப்புகள் மோதியது. ஒரு கோல்கூட விழவில்லை. ஆனாலும் கிளப் பந்தயத்துக்கு அவ்வளவு பெரிய கூட்டம் உலகில் வேறெங்கும் கூடியதில்லை.

இந்தியா போகாத போட்டி

1950-ம் ஆண்டின் அந்த உலகக் கோப்பைப் போட்டியில் இந்தியாவுக்கும் ஓர் இடம் இருந்தது. சுவீடன், இத்தாலி, பராகுவே ஆகிய நாடுகளுடன் ஒரே பிரிவில் இந்தியாவின் பெயரும் சேர்க்கப்பட்டிருந்தது.

இந்திய அணி போகவில்லை. வெறுங்காலுடன் விளையாடக் கூடாது என்று சொல்லிவிட்டதால்தான் போகவில்லை என்று ஒரு கதை இன்று வரை உலவுகிறது. அது பிற்காலத்தில் கட்டிவிட்ட கதை என்று அப்போது அணியில் இருந்த சைலன் மன்னாவே சொல்லியிருக்கிறார். உலகக் கோப்பையைவிட ஒலிம்பிக்கைத்தான் பெரிதாக நினைத்த காலம் அது. எப்படியோ, கிடைத்த வாய்ப்பு கைநழுவிப்போயிற்று. அதன் பிறகு இந்தியா இன்னும் அந்தப் போட்டியில் ஆடவில்லை.

ஜுலை 16

மரக்கானாவுக்குப் போகிறவர்கள், எதைக் கேட்காவிட்டாலும் ஒரு நாளைப் பற்றி மட்டும் கேட்பார்கள். அது 1950-ம் ஆண்டு ஜுலை 16-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை.

கடைசிச் சுற்றில் 4 நாடுகள் ஒன்றோடொன்று மோதின. பிரேசில் சுவீடனை 7-1 என்று நொறுக்கியது. ஸ்பெயினை 6-1 என்று நொறுக்கியது. மிச்சம் இருந்தது உருகுவே. பிரேசிலுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னஞ்சிறு நாடு. பிரேசில் வெல்லக்கூட வேண்டாம். வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தாலே கோப்பை அதற்குத்தான்.

யாருக்கும் சந்தேகம் இல்லை. "இவர்கள்தான் உலகச் சாம்பியன்கள்" என்று பிரேசில் வீரர்களின் படத்தை ஆட்டத்துக்கு முன்பே ஒரு பத்திரிகை போட்டுவிட்டது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பு நகரத் தலைவர் மைக்கைப் பிடித்து, வீரர்களை உலகச் சாம்பியன்கள் என்றே கூப்பிட்டு வாழ்த்தினார். உலகக் கால்பந்து சங்கத்தின் தலைவர் ஜூல்ஸ் ரிமே, பிரேசிலைப் பாராட்டுவதற்காக அந்நாட்டு மொழியிலேயே ஒரு சொற்பொழிவைத் தயார் செய்து பையில் வைத்திருந்தார்.

டிக்கெட் வாங்கியவர்கள் 1 லட்சத்து 73 ஆயிரத்து 850 பேர். மற்றவர்களையும் சேர்த்தால் கூட்டம் 2 லட்சத்தைத் தொட்டது என்கிறார்கள். அன்று ரியோ நகரின் ஜனத்தொகை சுமார் 24 லட்சம். பன்னிரண்டு பேருக்கு ஒருவர் மைதானத்தில் இருந்தார் என்று வைத்துக்கொள்ளலாம். அத்தனை பேர் ஒன்றுகூடிக் கால்பந்து பார்த்தது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

இடைவேளை வரை கோல் விழவில்லை. இடைவேளை முடிந்த 2-வது நிமிடத்தில் பிரேசில் வீரர் பிரியாசா கோல் போட்டார். மைதானம் அதிர்ந்தது. வாணவேடிக்கை!

அப்போது உருகுவே அணித் தலைவர் ஒப்துலியோ வரேலா ஒரு காரியம் செய்தார். பந்தை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். நடுவரிடம் போய், "அது கோல் அல்ல" என்று வாதாடத் தொடங்கினார். நடுவரோ இங்கிலாந்துக்காரர். ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாது. மொழிபெயர்க்க ஆள் தேட வேண்டியதாயிற்று. கோல் கோல்தான் என்பது வரேலாவுக்கும் தெரியும். கூட்டத்தின் ஆரவாரம் அடங்கட்டும், தன் ஆட்களுக்கு மூச்சு வரட்டும் என்பதுதான் அவர் எண்ணம். பலித்தது!

66-வது நிமிடம். உருகுவே அணியில் வலது ஓரத்தில் ஆடிய கிஜ்ஜா, தன்னைத் தடுக்க வந்த பிகோடியை ஏமாற்றிவிட்டு ஓடினார். பந்தை நடுவே தள்ளினார். ஸ்கியாபினோ அதை கோலுக்குள் அடித்தார். 1-1.

அப்போதும் கோப்பை பிரேசிலுக்குத்தான். பரிசு வழங்கும் ஏற்பாட்டைக் கவனிக்க ரிமே தம் ஆசனத்தைவிட்டு எழுந்து கீழே போனார்.

79-வது நிமிடம். மறுபடியும் அதே வலது ஓரம். அதே கிஜ்ஜா. பிகோடி மறுபடியும் பின்தங்கினார்.

கோலைக் காத்து நின்றவர் பார்போசா. முதல் கோல் எப்படி விழுந்தது என்பது அவருக்கு நினைவு இருந்தது. கிஜ்ஜா இந்தத் தடவையும் பந்தை நடுவேதான் தள்ளுவார் என்று கணக்குப் போட்டார். கம்பத்தைவிட்டு ஓர் அடி முன்னால் நகர்ந்தார். கிஜ்ஜா பந்தை நடுவே தள்ளவில்லை. பார்போசாவுக்கும் கம்பத்துக்கும் இடையே இருந்த சிறு இடைவெளியில் நேரே அடித்தார். பார்போசா பின்னால் பாய்ந்தார். பந்தைத் தட்டி வெளியே தள்ளிவிட்டதாகவே அவர் நினைத்தார். திரும்பிப் பார்த்தார். பந்து வலைக்குள் கிடந்தது.

கூட்டம் கத்தவில்லை. திட்டவில்லை. 2 லட்சம் பேரும் வாயடைத்துப்போனார்கள்.

கீழே இருந்த ரிமே வெளியே வந்து பார்த்தபோது ஆட்டம் முடிந்திருந்தது. அணிவகுப்பு இல்லை. பேண்டு வாத்தியம் இல்லை. சொற்பொழிவு பைக்குள்ளேயே இருந்தது. கோப்பையை வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அவர் கூட்டத்துக்குள் அலைந்தார். வரேலாவைக் கண்டுபிடித்து, அவர் கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

அன்று இரவு வரேலா தன் அணியுடன் கொண்டாடவில்லை. ரியோவின் மதுக்கடைகளுக்குப் போனார். அங்கே அழுதுகொண்டிருந்தவர்களோடு உட்கார்ந்து குடித்தார். அவர்களை அழவைத்தது தானே என்பதை நினைத்து வருந்தியதாகப் பின்னால் சொன்னார்.

பவுரு என்ற ஊரில் ஒரு வீட்டில், வானொலிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து ஒருவர் அழுதார். அவருடைய 9 வயது மகன் அதைப் பார்த்தான். "அழாதீங்க அப்பா, நான் கோப்பையை ஜெயித்துத் தருகிறேன்" என்றானாம். அந்தப் பையன்தான் பீலே.

ஒரு கோலுக்கு 50 ஆண்டுத் தண்டனை

தோற்றது 11 பேர். பழி விழுந்தது 3 பேர் மீது. பார்போசா, பிகோடி, ஜுவெனால். மூன்று பேரும் கறுப்பர்கள்.

அவர்களிலும் பார்போசாவின் பாடுதான் பெரும்பாடு. அவர் ஏனோதானோ ஆட்டக்காரர் அல்ல. அந்தக் காலத்தில் பிரேசிலின் மிகச் சிறந்த கோல் கீப்பர். வாஸ்கோடகாமா என்ற கிளப்புக்கு ஆடியவர். (ஆம், கள்ளிக்கோட்டையில் வந்து இறங்கிய அதே வாஸ்கோடகாமாதான்! அவர் இந்தியாவுக்குக் கடல் வழி கண்ட 400-வது ஆண்டில், 1898-ல் அந்தக் கிளப் தொடங்கப்பட்டது.) 1949-ல் தென் அமெரிக்கக் கோப்பையை பிரேசில் வென்றபோது கோலைக் காத்தவரும் பார்போசாதான்.

அதை எல்லாம் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. கறுப்பனைக் கோலில் நிறுத்தினால் இப்படித்தான் ஆகும் என்ற பேச்சு எழுந்தது. அந்தப் பேச்சு பல ஆண்டுகள் ஓயவில்லை. அந்த அணியில் நன்றாக ஆடியவர்களிலும் கறுப்பர்கள் இருந்தார்கள் என்பதை அப்படிப் பேசியவர்கள் மறந்துவிட்டார்கள். உண்மையைச் சொன்னால், இது கால்பந்து பற்றிய பேச்சே அல்ல.

ஆண்டுகள் ஓடின. பார்போசா ஆட்டத்தைவிட்டு விலகினார். வயிற்றுப்பாட்டுக்கு வேலை வேண்டும். எங்கே கிடைத்தது தெரியுமா? மரக்கானாவில்! தன் பெயர் கெட்ட அதே மைதானத்தில், ஓர் ஊழியராக, பல ஆண்டுகள் வேலை பார்த்தார்.

பழைய மரக் கம்பங்களை எடுத்துவிட்டுப் புதுக் கம்பங்களை நட்டபோது, பழையவற்றை அவரிடம் கொடுத்தார்களாம். அவர் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய், வெட்டி, அடுப்பில் வைத்து, அந்தத் தீயில் இறைச்சி சுட்டு நண்பர்களுக்கு விருந்து வைத்தார் என்று ஒரு கதை சொல்லுகிறார்கள். நடந்ததோ இல்லையோ, கேட்பவர்கள் யாரும் அதில் ஆச்சரியப்படுவது இல்லை.

தோல்வி நடந்து 20 ஆண்டு ஆன பிறகு, ஒரு கடையில் ஒரு தாய் தன் மகனுக்கு அவரைச் சுட்டிக்காட்டினாள். பிரேசில் முழுவதையும் அழவைத்த மனிதர் இவர்தான் என்றாள். அவர் காதில் விழும்படியே சொன்னாள். தன் வாழ்க்கையில் மிகவும் வேதனைப்பட்டது அன்றுதான் என்று பார்போசா பிற்காலத்தில் சொன்னார்.

1993-ல் பிரேசில் வீரர்கள் பயிற்சி செய்யும் இடத்துக்கு அவர் போனார். வாழ்த்துச் சொல்லத்தான் போனார். ராசி இல்லாதவர் என்று சொல்லி, வீரர்களைப் பார்க்கவிடாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அப்போது பிரேசில் நாட்டுச் சட்டப்படி எவ்வளவு பெரிய குற்றத்துக்கும் 30 ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை கிடையாது. தான் செய்யாத குற்றத்துக்கு 50 ஆண்டுகளாகத் தண்டனை அனுபவிப்பதாக பார்போசா சொன்னார். 2000-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி அவர் இறந்தார். அப்போது வயது 79.

சட்டையும் மாறியது

மனிதரை மட்டும் அல்ல, சட்டையையும் ராசி இல்லாதது என்று ஒதுக்கினார்கள். 1950-ல் பிரேசில் வீரர்கள் வெள்ளைச் சட்டை போட்டுத்தான் ஆடினார்கள். கொடியில் உள்ள எல்லா நிறங்களும் வரும்படி புதுச் சட்டை வேண்டும் என்று ஒரு பத்திரிகை 1953-ல் போட்டி நடத்தியது. எல்லைப்புற ஊர் ஒன்றைச் சேர்ந்த ஓர் இளைஞர் வரைந்து அனுப்பிய படம் வென்றது. மஞ்சள் சட்டை, பச்சை விளிம்பு, நீலக் கால்சட்டை. இன்று உலகம் முழுவதும் குழந்தைகள் போட்டுத் திரியும் சட்டை அதுதான். வேடிக்கை என்னவென்றால், அதை வரைந்த இளைஞருக்குப் பிடித்த அணி உருகுவே!

பீலேயும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். 1958-ல் கோப்பை வந்தது. 1962, 1970 ஆண்டுகளிலும் வந்தது. நாட்டுக்காக அவர் போட்ட முதல் கோல் 1957-ல் மரக்கானாவில்தான். அப்போது வயது 16. அவருடைய 1,000-வது கோலும், 1969-ம் ஆண்டு நவம்பர் 19-ந் தேதி, அதே மைதானத்தில்தான் விழுந்தது. எதிர்த்து நின்றது வாஸ்கோடகாமா கிளப். கோல் விழுந்ததும் ஆட்டம் நின்றுபோயிற்று. கூட்டம் உள்ளே புகுந்தது. பீலே அந்தக் கோலைக் குழந்தைகளுக்குச் சமர்ப்பித்தார்.

1989-ல் தென் அமெரிக்கக் கோப்பையின் கடைசி ஆட்டம் மரக்கானாவில் நடந்தது. எதிரி உருகுவே. தேதி ஜுலை 16! ரொமாரியோ போட்ட ஒரே கோலில் பிரேசில் வென்றது. 39 ஆண்டுக் கடன் கழிந்தது என்று ஜனங்கள் ஆடிப் பாடினார்கள். பார்போசாவின் கடன் மட்டும் கழியவில்லை.

இடிந்தது கைப்பிடி

1992-ம் ஆண்டு ஜுலை 19-ந் தேதி மைதானத்தில் கூட்டம் நெரிந்தது. மேல் அடுக்கின் முன்பக்கக் கைப்பிடிக் கம்பி பெயர்ந்தது. அதில் சாய்ந்து நின்றவர்கள் கீழே இருந்தவர்கள் மீது விழுந்தார்கள். 3 பேர் இறந்தார்கள். பலர் காயம் அடைந்தார்கள்.

பழைய கட்டிடம், அளவுக்கு மிஞ்சிய கூட்டம். இனி இப்படியே விட முடியாது என்று ஆயிற்று. படிக்கட்டுகளில் நாற்காலி போட்டார்கள். 2005-ல் ஜெராலை மூடினார்கள். வேஷக்காரர்கள் கடைசி முறையாக வேஷம் போட்டு வந்து, வளையத்தைச் சுற்றி ஓடி, விடைபெற்றுப் போனார்கள்.

2014-ம் ஆண்டின் உலகக் கோப்பைக்காக மைதானத்தின் உட்புறத்தை ஏறக்குறைய முழுவதும் இடித்துக் கட்டினார்கள். பழைய சிமெண்டுக் கூரை போயிற்று. மலை உச்சியில் இருந்து வெள்ளையாகத் தெரிகிறதே, அது புதுக் கூரை. ஒருவகை துணியால் ஆனது. நாற்காலிகள் நிரம்பினால் இப்போது சுமார் 78 ஆயிரம் பேர் உட்காரலாம். எல்லோருக்கும் கூரை. எங்கே உட்கார்ந்தாலும் ஆட்டம் நன்றாகத் தெரிகிறது. விபத்து பயம் இல்லை. குடும்பத்தோடு போகலாம். இதை எல்லாம் குறை சொல்ல முடியாது.

ஆனால் டிக்கெட் விலை? சில்லறைக் காசைக் கொடுத்துவிட்டு உள்ளே போன காலம் மலையேறிவிட்டது. "மரக்கானா எங்களுடையது" என்று எழுதிய அட்டைகளைப் பிடித்துக்கொண்டு 2013-ல் ஜனங்கள் தெருவில் ஊர்வலம் போனார்கள். அதே ஆண்டு, மைதானத்தை ஒட்டி இருந்த ஒரு பழைய கட்டிடத்தில் குடியிருந்த ஆதிகுடி மக்களைப் போலீசார் வெளியேற்றினார்கள். மைதானத்தின் பெயர் மட்டும் அவர்கள் மொழிப் பெயராகவே இருக்கிறது.

இவ்வளவு செலவழித்துக் கட்டிய மைதானத்தில், அந்த உலகக் கோப்பையில் பிரேசில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை! கடைசி ஆட்டத்துக்கு வந்தால்தான் அங்கே ஆட முடியும் என்று அட்டவணை அமைந்திருந்தது. அதற்கு முந்தின ஆட்டத்தில், வேறோர் ஊரில், ஜெர்மனியிடம் 1-7 என்று பிரேசில் தோற்றது. மரக்கானாவில் நடந்த கடைசி ஆட்டத்தில் ஜெர்மனியும் அர்ஜென்டினாவும் மோதின. ஜெர்மனி வென்றது.

புல்தரையின் ஓரம்

சுற்றிப் பார்க்க வருகிறவர்களைக் கடைசியில் புல்தரையின் ஓரத்துக்கு அழைத்துப்போகிறார்கள். வெளியே இருந்து பார்ப்பதைவிட உள்ளே பெரிதாக இருக்கிறது. பேசினால் குரல் எங்கோ போய் மோதித் திரும்புகிறது. குழந்தைகள் கத்திப் பார்க்கிறார்கள். பெரியவர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அகழி இல்லை. ஜெரால் இருந்த இடத்திலும் நாற்காலிகள்.

அந்தக் கோலை அடித்த கிஜ்ஜாவை 2009-ல் ரியோவுக்கு அழைத்து மரியாதை செய்தார்கள். புகழ் பெற்ற வீரர்களின் வரிசையில் அவருடைய பாதச் சுவட்டையும் பதிய வைத்துக்கொண்டார்கள். முதியவர் கண் கலங்கினார். அவர் 2015-ம் ஆண்டு இறந்தார். இறந்த தேதி ஜுலை 16. சரியாக 65 ஆண்டுகள்.

அதற்கு அடுத்த ஆண்டு, 2016 ஆகஸ்டு 20-ந் தேதி, ஒலிம்பிக் கால்பந்தின் கடைசி ஆட்டம் மரக்கானாவில் நடந்தது. பிரேசிலும் ஜெர்மனியும் மோதின. 1-1 என்று சமமாக முடிந்ததால், ஆளுக்கு 5 பெனால்டி அடிக்க வேண்டியதாயிற்று. முதல் 4 பெனால்டிகளையும் இரண்டு அணிகளும் கோலாக்கிவிட்டன.

ஜெர்மனியின் 5-வது பெனால்டியை அடிக்க பீட்டர்சன் வந்தார். எதிரே பிரேசில் கோல் கீப்பர் வெவர்ட்டன். பீட்டர்சன் அடித்தார். வெவர்ட்டன் பக்கவாட்டில் பாய்ந்தார். பந்து அவர் கையில் பட்டுத் தெறித்தது.

அடுத்து நெய்மார் அடித்தது கோல் ஆயிற்று. ஒலிம்பிக் கால்பந்தில் பிரேசிலுக்கு முதல் தங்கப் பதக்கம். நெய்மார் முழங்காலிட்டு அழுதார். கோலைக் காத்தவரை மற்ற வீரர்கள் கட்டிப் பிடித்தார்கள். மைதானம் முழுவதும் எழுந்து நின்று ஆரவாரம் செய்தது.

பார்போசா இருந்திருந்தால் அன்று அவருக்கு வயது 95.